சம்பந்திக்கு எதிர் இருக்கை

விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்த நாளிலிருந்து அவள் வால் பக்கம் பார்த்தபடிதான் பறந்துகொண்டிருந்தாள். விமானி அறைச் சுவரோடு மடங்கிக் கிடக்கும் சிறு இருக்கை அவளுடையது. கிளம்பும்போதும் இறங்கும்போதும் அதைப் பிரித்து, தோள் பட்டைகளை மாட்டிக்கொண்டு, பயணிகளைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள்.

"ஊரே முன்னாடி பாத்துப் போகும். என் மருமக மட்டும் பின்னாடி பாத்துக்கிட்டே முன்னேறுவா" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அதில் கிண்டல் பாதி, பெருமை பாதி.

அவள் வேலை பார்த்த விமானம் சின்னது. முதல் வரிசையும் அவள் இருக்கையைப் போலவே வால் பக்கம் திரும்பியிருந்தது. இரண்டாம் வரிசை அதற்கு எதிர்முகமாக, முட்டியோடு முட்டி இடிக்கிற நெருக்கத்தில் இருந்தது. முதல் வரிசை என்றாலே பயணிகளுக்கு முகம் சுருங்கிவிடும். குமட்டும் என்பார்கள். மேலேறும்போது பெல்ட்டில் தொங்குகிற மாதிரி இருக்கிறது என்பார்கள். முன்பின் தெரியாதவர் மூஞ்சியை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது என்பார்கள். காலியிடம் இருந்தால் அவளும் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுப்பாள்.

சட்டென்று நின்றால், முன்னால் பார்த்து உட்கார்ந்தவரை இடுப்புப் பட்டை ஒன்றுதான் பிடித்து நிறுத்தும். திரும்பி உட்கார்ந்தவரைத் தலை முதல் இடுப்பு வரை இருக்கையே ஏந்திக்கொள்ளும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பாடம் இது. தேர்விலும் எழுதினாள். அத்தோடு அது பாடமாகவே தங்கிவிட்டது.

கணவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. புது வீட்டைப் பார்க்க அவள் அம்மாவும் மாமியாரும் அவளுடைய விமானத்திலேயே கிளம்பினார்கள். இருவருக்கும் முதல் பயணம். முதல் வரிசை மாமியாருக்கு விழுந்தது, எதிர் இருக்கை அம்மாவுக்கு.

மாமியார் உட்காரவே இல்லை. "போற இடத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டா போகணும்? மருமக வேலை பாக்குற இடத்துல எனக்கு இதுதானா மரியாதை?"

"நீங்க இங்க வாங்க சம்பந்தி. நான் எங்க உட்கார்ந்தா என்ன, கண்ணைத்தான் மூடிக்கப் போறேன்" என்று அம்மா எழுந்துகொண்டாள்.

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. மாமியாரை இடம் மாற்றி உட்காரவைத்து, பெல்ட்டையும் தானே மாட்டிவிட்டாள். "தளர்த்திடாதீங்க அத்தை."

"வயித்தைப் பிடிக்குதும்மா."

"பிடிக்கத்தான் அத்தை அது."

இறங்கும்போது நல்ல மழை. சக்கரங்கள் தரையைத் தொட்டு, விமானம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் அவளைப் பார்த்துச் சிரித்தார். அப்போது வண்டி ஒருபக்கமாக வழுக்கியது. ஓடுபாதையை விட்டு விலகிச் சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது. அவளை ஏதோ ஒரு கை சுவரோடு வைத்து அழுத்தியது போல இருந்தது, வலியே இல்லை. ஆனால் எதிரே, அந்தச் சிரித்த முகம் அப்படியே பாய்ந்து வந்து, முன் இருக்கையின் முதுகுக்குப் பின்னால் மறைந்தது. மட்டையை முறித்தது போல ஒரு சத்தம்.

பட்டையை அவிழ்த்து ஓடினாள். மாமியார் அம்மாவின் மடியில் முகம் புதைத்துக் கிடந்தார். மடியெல்லாம் ரத்தம். பெல்ட்டைத் தளர்த்தியிருந்தார். சம்பந்தியின் முட்டியில் மோதி மூக்கெலும்பு முறிந்திருந்தது. அம்மா உட்கார்ந்த நிலை கலையாமல், கண்ணைத் திறந்து, "என்னடி ஆச்சு? வந்துட்டோமா?" என்றாள்.

மருத்துவமனையில் விசாரிக்க வந்த அதிகாரி அம்மாவைப் பார்த்து, "திரும்பி உட்கார்ந்திருந்தீங்க, தப்பிச்சீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற கணவன் அவள் பக்கம் திரும்பினான்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்றால் அவள் மாமியாரைத் தெரிந்தே ஆபத்தில் உட்காரவைத்தவள். தெரியாது என்றால் பயணிகளைக் காக்கிற வேலைக்கே லாயக்கில்லாதவள். நல்ல இடம் என்று நினைத்துத்தானே கொடுத்தாள்? அப்படித்தான் நினைத்தாளா? பாடம் தெரிந்த அதே தலைக்குள், உட்காரும் நேரத்தில் அது ஏன் வரவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை.

"உங்க அம்மாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை" என்றான் அவன். மெதுவாகத்தான் சொன்னான்.

"எம்மாடி, மாப்பிள்ளை" என்றாள் அம்மா.

மறுநாள், மூக்கில் கட்டோடு படுத்திருந்த மாமியார் அவளை மட்டும் கூப்பிட்டார். குரல் மூக்கடைத்து வந்தது.

"அவன் கிடக்கான். நீ சொல்லு. அந்த சீட்டுதான் நல்லதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"அப்புறம் ஏன் மாத்தினே?"

"நீங்க முகம் கோணினீங்க. எனக்கு அதுதான் பெருசாத் தெரிஞ்சது. உங்களைச் சமாதானப்படுத்தினா போதும்னு இருந்துச்சு."

மாமியார் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்குப் பயந்து எனக்கே கெடுதல் பண்ணியிருக்கே. இதைவிட என்னை ரெண்டு வார்த்தை திட்டி உட்கார வச்சிருக்கலாம்."

அவள் அழுதாள். மாமியார் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை.

ஊர் திரும்பும் பேச்சு வந்தபோது கணவன் பஸ்ஸில் போகலாம் என்றான். மாமியார் மறுத்துவிட்டார். "அதே ப்ளேன். இவ வேலை பாக்குற அன்னைக்கு. திரும்பின சீட்டு ரெண்டும் வேணும், எனக்கும் சம்பந்திக்கும். எதிர்ல மட்டும் அவங்களை உட்கார வைக்காதீங்க. அது முட்டி இல்லை, உலக்கை."

கிளம்பும் நாளில் எதிர் வரிசைக்கு வந்த ஒருவர் பெல்ட்டை மாட்டிய கையோடு தளர்த்தினார். அவள் குனிந்து இழுத்து இறுக்கினாள்.

"வயித்தைப் பிடிக்குதுங்க" என்றார் அவர்.

"பிடிக்கட்டும். தளர்த்தினா வண்டி கிளம்பாது" என்றாள். அவர் முகம் கோணினார். அவள் பட்டையை விடவில்லை.

மாமியாரும் அம்மாவும் பேச்சை நிறுத்திவிட்டு அவளை அண்ணாந்து பார்த்தார்கள். மாமியார் தன் பெல்ட்டின் நுனியைப் பிடித்துத் தானாகவே இன்னும் ஒரு பிடி இழுத்துக்கொண்டார்.