கேமராவுக்குப் போட்ட தடை

சாரம் பகுதியில் ஒரு சின்ன மருத்துவமனையின் நெட்வொர்க்கை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் கேமரா மாட்டுகிறவரிடமே அதன் பாஸ்வேர்டையும் விட்டுவிடுவது வழக்கம். அங்கே மாட்டியவன், வரவேற்பில் உட்காரும் பெண்ணின் கணவன். தவளக்குப்பத்தில் கடை வைத்திருந்தான். கடையில் இருந்தபடியே நாள் முழுக்கச் செல்போனில் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பான். யாரிடமாவது சிரித்துப் பேசினால் உடனே போன் வரும். வீட்டுக்குப் போனால் அடி விழும்.

ஒருநாள் கன்னம் வீங்கி வந்தாள். "அக்கா, அவரு பாக்க முடியாத மாரி பண்ணலாமா?" என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. மருத்துவமனையை நடத்தும் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "இன்னிக்கே செஞ்சிடு" என்றார்.

நெட்வொர்க் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச். அதில் விதி எழுதுவது வாசலில் காவலாளியை நிறுத்துவது மாதிரிதான். எந்தத் தகவல் எங்கே போகலாம் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். சுவிட்ச் மேலிருந்து படித்து, முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும். கேமராப் படம் பதிவுப் பெட்டிக்குப் போகலாம் என்று முதல் வரி எழுதினேன். பெட்டியிலிருந்து டாக்டரம்மாவின் கணினிக்குப் போகலாம் என்று அடுத்தது. வேறெங்கும் போகக் கூடாது என்று கடைசி வரி. என்டரைத் தட்டியபோது அவனையே அறைந்த மாதிரி திருப்தியாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பைக்கில் பறந்து வந்துவிட்டான். "எவன்டி கேமராவ நிறுத்துனது?" நோயாளிகள் பார்க்கப் பார்க்க அவள் தலைமுடியைப் பிடித்து மேசையில் மோதினான். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. "நான்தான்டா" என்று குறுக்கே போனேன். ஹெல்மெட்டால் என் தோளில் ஓங்கி அடித்தான். நான் நாற்காலியைத் தூக்கி அவன் முழங்காலில் போட்டேன். கீழே விழுந்தவனை, மருந்து வாங்க வந்தவர்கள் சேர்ந்து மொத்தினார்கள். நான் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவும் இல்லை.

போலீஸ் அவனைக் கூட்டிக்கொண்டு போன பிறகு, உதட்டில் தையலோடு அவள் என்னிடம் வந்தாள். "வீட்டுலயும் மாட்டி வச்சிருக்காரு. படுக்குற ரூம்லகூட. அதுக்கும் இந்த மாரி எழுதித் தரீங்களாக்கா?"

பாவிப்பயல். தோள்வலியோடு அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அங்கே விதி எழுத ஒரு சுவிட்சும் இல்லை. பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"நீயே வெட்டு."

கட்டிலின் மேல் ஏறி நின்று ஒயரை வெட்டினாள். பிறகு கேமராவைப் பிடுங்கித் தரையில் போட்டு, அது தூளாகும் வரை மிதித்தாள்.