நிண்டு வாசிச்சவளுக்கு முதற்பரிசு

இண்டைக்கு உடுவில் பஸ்ஸிலை ஒரு தாயோடை சண்டை பிடிச்சிட்டன். இன்னும் மனம் ஆறேல்லை.

பட்டணத்திலை சின்னப் பிள்ளையளுக்குப் பியானோப் போட்டி. இடையிலை நிப்பாட்டினால் பரிசில்லை எண்டு முன்னமே சொன்னவை. பள்ளிக்கூடத்துப் பியானோவிலை பழகின என்ரை தங்கச்சி பாக்கியம் ஒரு பிழையுமில்லாமல் வாசிச்சாள். அவளுக்கு ரெண்டாம் பரிசு. பாதியிலை விரல் தடக்கி நிண்டு, திரும்ப முதலிலையிருந்து வாசிச்ச பிள்ளைக்கு முதற்பரிசு. அதின்ரை தாய், தீர்ப்புச் சொன்ன வெள்ளைக்காரத் துரைசாணியின்ரை சிநேகிதி.

திரும்பி வரேக்கை அந்தத் தாயும் மகளும் எங்களுக்கு முன் சீற்றிலை இருந்தவை. தாய் பாக்கியத்தைத் திரும்பிப் பாத்து, "நல்லாய்ப் பழகினால் வாற வருஷம் உனக்கும் கிடைக்கும் பிள்ளை" எண்டா.

எனக்குக் கோபம் ஏறிச்சுது. "உங்கடை மகள் நிண்டது எங்கடை காதிலை விழேல்லை எண்டோ நினைக்கிறியள்?" எண்டு கேட்டன்.

"வீட்டிலை பியானோவே இல்லாத ஆக்களுக்கு வாசிப்பைப் பற்றி என்ன தெரியும்?" எண்டு முகத்தைத் திருப்பினா.

அப்ப அந்தப் பிள்ளை சொல்லிச்சுது: "அம்மா, நான் நிண்டனான்தானே. துரைசாணியிட்டையும் சொன்னனான். அவதான் பேசாமல் இரு எண்டவ."

பஸ் முழுக்கக் கேட்டது. தாய் பிள்ளையின்ரை தொடையிலை கிள்ளினா. பிள்ளை அழேல்லை. பாக்கியம் என்ரை கையைப் பிடிச்சு, "அக்கா, காணும், விடு" எண்டாள்.

நாங்கள் மருதனார்மடத்திலை இறங்குமட்டும் அந்த மனிசி திரும்பிப் பாக்கேல்லை. இனி எங்கை கண்டாலும் நான் கதைக்கமாட்டன்.

பிள்ளையைக் கிள்ளின தாயைத் திருப்பிக் கிள்ளத்தான் பஸ்ஸிலை ஒருத்தரும் இல்லை. இதை வாசிக்கிற நீங்கள் ஆராவது வந்திருக்கக் கூடாதோ?