இரண்டு விரலில் நின்ற சக்கரம்

இருபத்து மூன்று ஆண்டுகளாக அவர் வீடு வீடாகச் சென்று தண்ணீர் மீட்டரில் ஓடிய எண்ணைக் குறித்து வந்தார். நாய்கள்கூட அவரைக் கண்டு குரைப்பதைக் கைவிட்டிருந்தன. அவரைச் சுமந்தது ஒரு பழைய பந்தய சைக்கிள்: ஆட்டுக்கொம்புபோல் கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி, முலாம் பூசிய இரும்பு ரிம், அதை இருபுறமும் கவ்வும் மெலிந்த பிரேக். அவர் வீடோ மேட்டின்மேல், சரிவின் அடியில் ஆலைச் சுவர். பின்பிரேக் பேருக்குத்தான், அச்சரிவில் வண்டியை நிறுத்துவது வலக்கைக்குரிய முன்பிரேக்கே. சைக்கிள் ஓட்ட இயலாதவரைச் சுற்றுக்கு அனுப்புவதில்லை. அலுவலகத்தின் பின்னறையில் ரசீதுகளுக்கு முத்திரை குத்த உட்கார்த்திவிடுவார்கள். அந்தச் சன்னலற்ற அறைப் பக்கம் போவதையே அவர் தவிர்த்து வந்தார்.

சென்ற மழைக்காலத்தில் பிரேக் பிடிக்காமற் போயிற்று. ஈர இரும்பில் ரப்பர் வழுக்குவது இயல்பே என்று ரிம்மைத் துடைத்தார். மழை நின்றது, குறை நிற்கவில்லை. பிரேக் கட்டைகளின் இறுகிய மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்தார். ஒயரை மாற்றினார், அதன் உறைக்குள் எண்ணெய் சொட்டினார். கட்டையின் முன்முனை ரிம்மைச் சற்று முந்தித் தொடுமாறு சாய்த்து முடுக்கினார். எல்லாம் முறையான மருத்துவமே, நோய்தான் தீரவில்லை. இறுதியில், கட்டைகளை ரிம்மிலிருந்து விலக்கி நிறுத்தும் ஸ்பிரிங்கைக் குறடால் வளைத்துத் தளர்த்தினார். பிரேக் பிடி இலகுவாயிற்று. மறுவாரம் மீண்டும் கடினமாயிற்று, மீண்டும் தளர்த்தினார்.

ஒருநாள் மாலை மேடேறி வந்தவர், வாசற்கதவில் சாய்ந்து மூச்சிரைத்தார். தையல் வேலை செய்யும் மனைவி, அளவுநாடா கழுத்தில் தொங்க ஓடிவந்தாள். லாரி ஓட்டும் அவள் தம்பியும் அன்று வந்திருந்தான்.

"என்ன அத்தான், சைக்கிள்ல வந்தீங்களா, சைக்கிளைத் தூக்கிட்டு வந்தீங்களா?"

"வண்டி கனமா ஓடுதுப்பா."

அவன் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினான். அரைச் சுற்றில் நின்றது.

"அடக் கடவுளே! பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே மேடேறியிருக்கீங்க. கட்டை ரிம்மை விட்டு விலகவே இல்ல. எந்தப் புண்ணியவான் இந்த ஸ்பிரிங்கை வளைச்சது?"

"நான்தான். பிடி ரொம்பக் கெட்டியா இருந்துச்சு."

அவன் சிரித்துக்கொண்டே குறடு வாங்கி ஸ்பிரிங்கைப் பழைய வளைவுக்கே திருப்பினான். சக்கரம் தடையின்றிச் சுழன்றது.

"அக்கா, நீ பிடிச்சுப் பாரு."

"எனக்கு ஊசி பிடிக்கத்தான்டா தெரியும்" என்றபடி அவள் இரண்டு விரலால் அழுத்தினாள். சக்கரம் சட்டென நின்றது.

"பாத்தீங்களா? வெண்ணெய் மாதிரி இருக்கு. இப்ப நீங்க."

அவன் மீண்டும் சுழற்றினான். அவர் நான்கு விரல்களையும் பிடிமேல் வைத்து அழுத்தினார். பிடி பாதி தூரம் வந்தது. சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. மறுபடி அழுத்தினார், கழுத்து நரம்பு புடைத்தது. சக்கரம் தானாக ஓய்ந்து நிற்கும்வரை மூவரும் அதையே பார்த்திருந்தனர்.

"புது ஒயர் இல்லையா... கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்..." என்று இழுத்தான் மைத்துனன்.

"சும்மா இருடா." அவள் கணவனின் வலக்கையை எடுத்து விளக்கடியில் விரித்தாள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே சதை வற்றிக் குழிந்திருந்தது. "இந்தக் குழி எப்ப வந்துச்சு?"

"மழைக்கு முன்னாடி."

"சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொல்வீங்களே. கொஞ்சுறீங்கன்னு நெனச்சேன்."

"நானும் பிரேக்குன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

மருத்துவர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். வற்றிய சதை திரும்பாது என்றும், மற்றொரு கையும் இவ்வழியே போகும் என்றும் சொன்னார். பின்னறையில் அவருக்கு ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டது.

அங்கே போகவேண்டிய முதல் காலையில், பழக்கத்தால் அவர் சைக்கிளருகே நின்று பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். பிடி பாதியும் வரவில்லை. பின்னால் வந்த மனைவி, அவர் கையைத் தாண்டி நீட்டி, இரண்டு விரலால் அழுத்தினாள்.

"நல்லாப் பிடிக்குதுங்க" என்றாள்.

"தெரியும்" என்று சொல்லி, அவர் சரிவில் நடந்து இறங்கினார்.