இரும்புக்குச் சரியாக வந்த விடை

விடைக்குறிப்பை எதிர்த்து ஆட்சேபம் எழுதுவதில் என்னை மிஞ்ச இந்தத் தீவுகளில் ஆள் கிடையாது. வேதியியல் விரிவுரையாளராக இருந்த காலத்தில் பிறர் எழுதிய ஆட்சேபங்களை நிராகரித்தே பழகிய கை. எந்தப் பக்கத்தை இணைப்பது, எந்தச் சொல்லைத் தவிர்ப்பது, எல்லாம் அத்துப்படி. அதனால், வடக்கே திக்லிபூரிலிருந்து மாப்பிள்ளை போன் செய்ததும் உற்சாகமாக நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“மாமா, ஆன்சர் கீ தப்பு, பக்கா. மாங்கனீசு கேள்விக்கு நான் போட்டதுதான் சரி. நீங்க எழுதிக் கொடுத்தா மறுக்க மாட்டாங்க.”

அவர் அங்கே ஒப்பந்த ஆசிரியர். படித்தது விலங்கியல், நிரந்தர வேலைக்கான தேர்வில் வேதியியலும் உண்டு. தகுதி மதிப்பெண்ணுக்கு ஒரே ஒரு கேள்வி குறைகிறது. வயது வரம்பின்படி இனி எழுதவும் முடியாது.

அந்த மாதிரிக் கேள்விக்கு, அயனியில் ஜோடி சேராமல் தனித்திருக்கும் எலக்ட்ரான்களை எண்ண வேண்டும். அந்த எண்ணை அதைவிட இரண்டு கூடிய எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் காந்தத் திருப்புத்திறன். இவ்வளவுதான் கணக்கு. தேர்வுக்கு முன் ஷாதிபூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்புக்குப் போடச் சொன்னேன்.

“தனியா இருக்கிறது நாலு, மாமா. விடை நாலு புள்ளி ஒன்பது.”

சரியான விடை. சமையலறையிலிருந்து மகள், “அப்பா, ஸ்டெப்பைப் பாருங்க. என் நோட்டுன்னா பிடுங்கிப் பார்ப்பீங்களே!” என்றாள்.

மாப்பிள்ளையின் நோட்டைப் பிடுங்குவதா? “டீ கொண்டா,” என்றேன்.

இப்போது ஆட்சேபத்தோடு இணைக்க, மாங்கனீசுக்கு அவர் போட்ட வழிமுறையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். நெட்வொர்க்கின் தயவில் அரை மணி கழித்து வந்தது.

முதலில் வெளியேற வேண்டியவை வெளிக்கூட்டின் 4s எலக்ட்ரான்கள். அவர் அவற்றைத் தொடாமல் உள்ளே இருக்கும் 3d-யிலிருந்து இரண்டை எடுத்திருந்தார். ஐந்து தனித்திருக்க வேண்டிய இடத்தில் மூன்று. கீ சரி.

ஒரு தாளை எடுத்து இரும்புக்கும் அவர் வழியிலேயே போட்டுப் பார்த்தேன். சரியான வழியில் போனாலும் நாலு, தப்பான வழியில் போனாலும் நாலு. கோபால்ட்டோ நிக்கலோ கேட்டிருந்தால் விடை மாறி அன்றைக்கே பிடிபட்டிருக்கும். நான் கேட்டது இரும்பு.

படிவத்தில் பெயர், பதிவெண், கேள்வி எண் எல்லாம் பிழையில்லாமல் நிரப்பியிருந்தேன். ‘ஆட்சேபத்துக்கான காரணம்’ என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. முப்பது வருட அனுபவத்தில் அதில் எழுத ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

மாலையில் மறுபடி போன். “மாமா, போட்டாச்சா?”

4s-ஐப் பற்றிச் சொன்னேன். தேர்வு முடிந்த பிறகு, இப்போது சொன்னேன்.

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல், பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார்: “அப்போ இரும்புக்கு மட்டும் எப்படி மாமா சரியா வந்துச்சு?”

எங்கள் தீவு லைன் இந்த மாதிரி நேரங்களில் அறுந்துபோய் மானத்தைக் காப்பாற்றும். அன்றைக்கு அவர் மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது.