பூட்டியிருந்தது, ஆள் இல்லை

ஊரப்பாக்கத்தில் ஒரு மாடிக் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துவிட்டு, "வீடு பூட்டியிருந்தது, ஆள் இல்லை" என்று எழுதினேன். மத்தியானம் மூன்று மணி. எழுத அரை நிமிடம் ஆகவில்லை. அதைச் சரிசெய்ய ஒரு மாதம் நாயாய் அலைந்தேன்.

குழந்தைகள் நல வேலையில் நான் களப்பணியாளர். அலுவலகம் செங்கல்பட்டில். வண்டி கிடையாது. பஸ், மின்சார ரயில், ஷேர் ஆட்டோ, மிச்சம் நடை. கடற்கரையில் ஒரு பிள்ளை, ரயில்பாதை ஓரம் அதன் சொந்தம் என்று இருந்தால் ஒரு நாள் முழுக்கச் சாலையிலேயே போய்விடும். மேலே இருப்பவர்களுக்கு இது புரியாது. அவர்களுக்கு ஜீப் இருக்கிறது.

மாமல்லபுரம் பக்கம் ஒரு இல்லத்தில் ஒன்பது வயதுப் பெண் இருந்தாள். அம்மா இறந்துவிட்டாள். அப்பா போன இடம் தெரியாது. அவளைக் கேட்டு வந்தவள் அவளுடைய சாச்சி, அம்மாவின் தங்கை. ஊரப்பாக்கத்தில் தனியாக வாடகைக்கு இருக்கிறாள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. நான் வீட்டைப் பார்த்து அறிக்கை கொடுத்தால்தான் குழந்தைகள் நலக் குழு பிள்ளையை அவளிடம் அனுப்பும். அந்த இல்லத்தில் பத்து வயது ஆனால் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிடுவார்கள். பத்து ஆக ஆறு வாரம்தான் இருந்தது.

வீடு பார்க்கச் சொல்லாமல்தான் போக வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். சொல்லிவிட்டுப் போனால் பக்கத்து வீட்டுக் கட்டிலையும் ஃபிரிட்ஜையும் இரவல் வாங்கி வைத்துக் காட்டுவார்களாம். என் மேலதிகாரி வேதவாக்கு மாதிரிச் சொல்வார். நானும் நம்பினேன். அப்படிச் சொல்லாமல் போய்த்தான் பூட்டைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் இல்லத்துக்குப் போனபோது அந்தப் பெண் ஓடிவந்து கேட்டாள்.

"சாச்சி வூட்டுக்குப் போனீங்களா?"

"போனேன். பூட்டியிருந்துச்சு. ஆள் இல்ல."

உண்மையைச் சொன்னேன் என்றுதான் அப்போது நினைத்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வாரம் வேறு வழக்குகளில் போனது. மறுபடி கிளம்பிய நாளில் காலையில் இல்லத்தில் ஒரு கையெழுத்து வேலை. அதை முடித்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ். ரயில் கண்ணெதிரே போய்விட்டது. அடுத்த ரயிலில் ஊரப்பாக்கம் வந்து, ஷேர் ஆட்டோவில் அரை இடுப்பை மட்டும் வைத்து உட்கார்ந்தேன். "அட்ஜஸ்ட் பண்ணி குந்துக்கா, இன்னும் ரெண்டு பேர் ஏறணும்" என்றான் ஓட்டுநர். எனக்கு வந்த கோபத்தில் அவன் ஆட்டோவைக் கவிழ்த்திருப்பேன்.

பகல் ஒரு மணி. மறுபடி பூட்டு.

பேனாவை எடுத்தேன். கீழ்வீட்டு அம்மாள், வீட்டுக்காரி, துணி காயப்போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, இன்னைக்கும் பூட்ட எழுதிக்கினு போவப்போறியா?"

"இவங்க எப்பதாங்க வூட்ல இருப்பாங்க?"

"வாரா வாரம் ஷிப்டு மாறும்மா. நீ போன தபா வந்தப்போ மத்தியான ஷிப்டு. இப்போ காலைல அஞ்சு மணிக்கே கம்பெனி பஸ் ஏறிடுது. நாலு மணிக்கு வந்துடும்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்டியா? கழுத்துல கார்டு மாட்டிக்கினு வந்த, பூட்டப் பாத்த, எழுதன, போய்க்கினே இருந்த. லோன் கம்பெனிக்காரின்னு நெனச்சேன்."

பேனாவை மூடினேன். மாடிப்படியிலேயே உட்கார்ந்தேன். நாலேகாலுக்கு அவள் வந்தாள். கம்பெனிச் சட்டை, வீங்கிய கால். என் கழுத்து அட்டையைப் படித்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே மேடம்?"

ஒரே அறை. சுத்தமாக இருந்தது. ஆணியில் ஒரு புதுப் பள்ளிப்பை தொங்கியது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. பிள்ளை பள்ளி விட்டு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். "நான் பாக்க மாட்டனா?" என்று கீழிருந்து குரல் வந்தது. எல்லாவற்றையும் எழுதினேன்.

கிளம்பும்போது அவள் கேட்டாள்: "ஞாயித்துக்கெழம போன் பண்ணா லைன்ல வரமாட்டேங்குறா மேடம். ரெண்டு வாரமாச்சி. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

அவள் ஒன்றும் பண்ணவில்லை. பண்ணியவள் நான், பிள்ளையிடம் ஆள் இல்லை என்று சொன்னவள். அதை அவளிடமே சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தண்ணி குடிங்க மேடம்" என்றாள்.

குழு கூடும் நாள் வந்தது. பழைய வரியைக் காட்டி, "பூட்டி இருந்திருக்கே?" என்றார்கள். தப்பான நேரத்தில் போனது நான் என்றேன். பிள்ளையை அனுப்ப உத்தரவு கிடைத்தது, பத்து வயதுக்கு ஒரு வாரம் முன்னால்.

லீவு போட்டு வந்திருந்த சாச்சியும் நானும் போய் அவளைக் கூட்டிவந்தோம். பஸ்ஸில் அவள் சாச்சி பக்கம் உட்காரவில்லை. என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திருக்கழுக்குன்றம் வந்ததும் நான் ஆரம்பித்தேன்.

"உங்க சாச்சி வேலைக்குப் போயிருந்தாங்க. நான்தான் நேரம் தெரியாம போனேன்" என்றேன்.

"அப்ப ஏன் ஆள் இல்லன்னு சொன்னீங்க?"

"விசாரிக்காம சொல்லிட்டேன். தப்புதான்."

என்னை முறைத்தாள். பிறகு என் காலைத் தாண்டிக்கொண்டு முன் சீட்டுக்குப் போய், சாச்சியைத் தள்ளி உட்காரச் சொன்னாள்.

இப்போதெல்லாம் போன் பண்ணிவிட்டுத்தான் போகிறேன். மேலதிகாரி கத்துகிறார். இரவல் கட்டிலைக் காட்டினால் காட்டட்டும். கீழ்வீட்டில் கேட்டால் யார் கட்டில் என்று தெரிந்துவிடும்.