செருப்புத் தட்டுக்கு மேல் ஒரு சித்தர்

என் கணவருக்கு உலகத்தில் பயம் ஒன்றே ஒன்றுதான்: ஊசி. பனி வழுக்கும் ஏற்றத்தில் பேருந்து ஓட்டும்போது முகத்தில் ஒரு சலனமும் இராது. இரத்தப் பரிசோதனை என்றால் மட்டும் எங்கிருந்தோ அவசர வேலை வந்துவிடும்.

அந்தக் குளிர்காலத்தில் அவருடைய வலது தோள் இறுகிப்போனது. சட்டை போடவே என்னைக் கூப்பிட்டார். கோயில் திருவிழாவில் சாமியைத் தோளில் காவுகிற மனிதர்; ஒஸ்லோவுக்கு வந்த நாள்முதல் ஒரு வருடமும் விட்டதில்லை. கோடைக்குள் தோள் சரிவராவிட்டால் தன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுமே என்ற கவலை அவரைத் தின்றது. மாத்திரைக்கும் பயிற்சிக்கும் தோள் நோவு கேட்கவில்லை. அக்குபஞ்சர் செய்து பாருங்கள் என்று மருத்துவரே சொன்னார். இவருக்கு உடனே அவசர வேலை வந்தது.

அப்போதுதான், பாடசாலையில் நடந்த பழைய பொருள் சந்தையில் அந்தப் படம் என் கண்ணில் பட்டது. பழைய யப்பானிய மருத்துவ நூலொன்றின் பிரதி என்று விற்றவர் சொன்னார். மொட்டைத் தலை, சரிந்த தொந்தி, இடையில் ஒரு துண்டுத் துணி. நெஞ்சிலிருந்து இடது கைப் பெருவிரல் வரை ஒரு கோடு, கோடு நெடுகப் புள்ளிகள், பக்கத்தில் சீன எழுத்துகள். ஊசி குத்தும் இடங்களாம். முகத்திலோ பால் குடித்த குழந்தையின் திருப்தி. விடுவேனா? வாங்கிவந்து வாசலில், செருப்புத் தட்டுக்கு மேல் மாட்டினேன்.

"பாருங்கோ, இந்த மனுசன் அழுகிறாரோ?"

அவர் சப்பாத்து நாடாவை விட்டுவிட்டுப் படத்தை ஆராய்ந்தார். "இவருக்குக் கோடு இடது கையிலை. எனக்கு நோ வலது கையிலை. இது வேறை கேஸ்."

ஈஸ்டர் விடுமுறைக்குத் துரொண்ட்ஹெய்மிலிருந்து மச்சாள் வந்தார். இவருடைய ஒரே அக்கா. வாசலில் நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, சித்தரைக் கொண்டுபோய்ச் செருப்புக்கு மேலையோ வைச்சிருக்கிறியள்? அதுதான் தம்பிக்குச் சுகம் வராமல் கிடக்கு!"

நான் வாயைத் திறக்குமுன் படம் சாமியறைக்குப் போய், முருகனுக்குப் பக்கத்தில் அமர்ந்து, திருநீறும் பூசிக்கொண்டது. இது யப்பான் மருத்துவப் படம் என்று பிறகு விளக்கிச் சொன்னேன்.

"சித்தர்மார் போகாத நாடும் இருக்கோ, பிள்ளை?" என்றவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "எங்கை குத்தவேணுமெண்டு புள்ளி வைச்செல்லோ காட்டியிருக்கிறார். சித்தரின்ரை சொல்லைத் தட்டப்போறியோ?"

மருத்துவர் சொல்லைத் தட்டலாம். மனைவி சொல்லைத் தட்டுவது அவருக்குப் பழக்கம். அக்காவும் சித்தரும் சேர்ந்து சொன்னால் என்ன செய்வார், பாவம்? போனார். அக்குபஞ்சர் நிலையத்தில், நான் பக்கத்தில் நிற்க, படுக்கையில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தேவாரத்தை முணுமுணுத்தார். பாடி முடித்து, "சரி, தொடங்கச் சொல்லும்" என்றார் என்னிடம். சிகிச்சை செய்த நோர்வேக்காரப் பெண் எல்லா ஊசிகளையும் எப்போதோ குத்தி முடித்திருந்தார்.

வசந்தம் முழுக்கப் போய்வந்தார். தோள் மெல்ல மெல்ல இளகியது. திருவிழாவன்று சாமி அவர் தோளில்தான் வீதி சுற்றியது.

வீட்டுக்கு வந்ததும் வேட்டியோடு நேரே சாமியறைக்குப் போனார். கேலி பண்ணலாமென்று பின்னால் போனேன். முருகனை விட்டுவிட்டுத் தொந்திக்காரருக்கு முன்னால் நின்றார். இரண்டு கைகளும் தலைக்கு மேலே கூப்பியிருந்தன.

"அவர் சித்தரில்லை, தெரியும்தானே?"

"தெரியும். கொஞ்சம் பேசாமல் நில்லும். இவ்வளவு உயரத்துக்குக் கை தூக்கிக் கனகாலம்."

சிரிக்கத்தான் போனேன், அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்று நானும் கையைத் தூக்கினேன்.