இலக்கண வகுப்புக்குத் துணைக்குப் போனோம்

என் மனைவி பி.ஏ. ஆங்கிலத்தில் சேர்ந்த வருஷம் எனக்குக் கவலைப்பட நிறைய விஷயம் கிடைத்தது. எட்டாம் வகுப்பு அரையாண்டில், ஆங்கிலத் தேர்வுக்கு முதல் நாள் எனக்கு ஒரு வயிற்றுவலி வந்தது. அந்த வலியோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், நேராக மரக்காணம் உப்பளத்துக்கு வந்து சேர்ந்தேன். வலி இன்னும் முழுசாகப் போனதாகச் சொல்ல முடியாது. அவள் பிளஸ் டூ முடித்தவள். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே, அஞ்சல் வழியில் டிகிரி படிக்கப் பணம் கட்டிவிட்டதாகச் சொன்னாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக இப்போது இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடங்கள். அங்கே டீச்சர் வேலைக்கு ஆங்கில டிகிரி கேட்கிறார்கள். அவளுக்கு அந்த வேலை வேண்டும். கதை, கவிதைப் பேப்பரையெல்லாம் கைடு வைத்துக்கொண்டு தானே ஓட்டிவிடுவதாகச் சொன்னாள். இலக்கணப் பேப்பர்தான் சங்கடம்; அதை ஒருவர் முன்னால் நின்று சொல்லிக்கொடுத்தால் ஒழிய வராது, அதில் போனால் டிகிரியே போச்சு என்றாள். அவள் "போச்சு" என்று சொன்னது எனக்கு மட்டும்தான் பெரிதாகக் கேட்டது. அவள் பாட்டுக்கு மோர் எடுக்கப் போய்விட்டாள்.

சொல்லிக்கொடுக்க ஞாயிறுதோறும் வகுப்பு இருந்தது. கிளியனூர் தாண்டி, திண்டிவனம் ரோட்டில், ஒரு தனியார் கல்லூரியின் பின்பக்கக் கட்டிடத்தை அதற்கு ஒதுக்கியிருந்தார்கள். ஐப்பசி மாசம் வகுப்பு தொடங்கியது. ஐப்பசியில் உப்பளத்தில் பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நின்று ஏரியாகிவிடும். தை பிறந்து வெயில் ஏறும்வரை எங்களுக்கு வேலை கிடையாது. அதனால் பைக்கில் அவளைக் கொண்டுபோய் விடுவது, வகுப்பு முடியும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பது, திரும்பக் கூட்டிவருவது என்று எனக்கு ஒரு வேலை அமைந்தது. போகும்போது சேலை முந்தானை சக்கரத்தில் மாட்டுமோ என்று கவலைப்படுவேன். உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பழைய கட்டிடத்தின் மேல்தளத்தைப் பற்றிக் கவலைப்படுவேன்.

மரத்தடியில் எனக்குத் துணை, கடற்கரைக் குப்பத்திலிருந்து தங்கச்சியைக் கூட்டிவந்த ஒரு மீனவர். அந்த மாசங்களில் புயல் எச்சரிக்கையால் அவரும் கடலுக்குப் போவதில்லை. இன்னும் சில புருஷன்மார், ஒரு சித்தப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வகுப்பு மையத்தை நடத்துகிறவர் எங்களிடம் வந்தார். எப்போதும் ரெண்டு செல்போனைக் கையில் வைத்திருக்கும் ஆள். "உள்ள ஃபேன் இருக்குது, வந்து ஒக்காருங்களேன். சும்மாதான இருக்கீங்க," என்றார். அப்படியே விஷயத்தையும் சொன்னார். பணம் கட்டியவர்களில் பாதிப் பேர் வகுப்புப் பக்கமே வருவதில்லையாம். அறை காலியாகக் கிடந்தால் பல்கலைக்கழகத்தில் இந்த மையத்தை மூடி விழுப்புரத்தோடு சேர்த்துவிடுவார்களாம்.

விழுப்புரம் என்றால் ரெண்டு பஸ். நடுவில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு. மறுபேச்சில்லாமல் முதலில் உள்ளே போனவன் நான்தான்.

வருகைப்பதிவில் ஆஜர் சொல்ல, வராதவர்களின் பதிவு எண்களை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது, துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்த யாரோ ஒருவருடைய எண். அன்றிலிருந்து அவரைப் பற்றியும் கவலைப்பட ஆரம்பித்தேன். லீவில் திடீரென்று வந்து நின்றால் என்ன செய்வது? நான் வகுப்பில் சரியாகக் கவனிக்காமல் அவர் ஃபெயிலாகிவிட்டால்?

பாடம் நடத்தியவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் ரெண்டு பேனா, நல்ல மனுஷர். நாங்கள் வருவதற்கு முன்னால், இருந்த ஏழெட்டுப் பெண்களுக்கு அவர் கரும்பலகையைப் பார்த்தபடியே நடத்திக்கொண்டிருந்தாராம். விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்ததாம். நாங்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்ததும் அவர் திரும்பி நின்றார். முகத்தில் ஒரு களை வந்தது. இந்த வயசில், இந்த வெயில் பட்ட முகங்களோடு, இத்தனை ஆண்கள் ஆங்கில இலக்கணம் படிக்க வந்திருக்கிறார்களே என்று அவர் மனசு குளிர்ந்துவிட்டது. யாரும் அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. தனக்காக வந்தவர்கள் என்றே நினைத்து, எங்களுக்காக அடியிலிருந்து ஆரம்பித்தார்.

நாங்களும் சும்மா இருந்திருக்கலாம். மீனவரால் முடியவில்லை. சூரியனுக்கு முன்னால் "தி" போட வேண்டும் என்று பேராசிரியர் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"சூரியனுக்குப் போடுறீங்க, எனக்கு ஏன் சார் போட மாட்டேங்கிறீங்க?"

"சூரியன் ஒண்ணுதானப்பா இருக்குது."

"நானும் ஒருத்தன்தான சார்."

வகுப்பே சிரித்தது. பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை வருஷமாக இப்படி ஒரு கேள்விக்குக் காத்திருந்தேன் என்கிற மாதிரி அவரைப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பதில் அன்று டீ வரும்வரைக்கும் போனது. அடுத்த ஞாயிறும் அதிலிருந்துதான் தொடங்கியது.

அதற்கு அடுத்த வாரம் என் முறை. எல்லா இலக்கணப் புத்தகத்திலும் ஒரு பையன் ஒரு பாம்பைக் கொல்கிறான். பிறகு அதே பாம்பு, யாரால் என்று சொல்லாமலே கொல்லப்பட்டுவிடுகிறது. எனக்கு அது மனசை அறுத்தது. யார் அடித்தது என்று சொல்லாவிட்டால் நாளைக்குப் பழி யார்மேல் விழும் என்று கேட்டேன். பேராசிரியர் அதையும் மதித்து, அரசாங்க அறிக்கைகள் ஏன் அப்படியே எழுதப்படுகின்றன என்பது வரைக்கும் விளக்கினார். எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது. யாரும் எதையும் செய்யாமலே எல்லாம் நடந்து முடிந்துவிடும் ஒரு மொழி! அதை நான் எட்டாம் வகுப்பிலேயே படித்திருக்க வேண்டும்.

அன்று என் மனைவியோடு பைக்கில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். மரக்காணம் வந்து, சாலையோரம் மழைத்தண்ணீர் நிற்கும் பாத்திகள் தெரிய ஆரம்பித்த பிறகு சொன்னாள்.

"ஏங்க, அடுத்த வாரத்துலேர்ந்து கிளாஸ்ல வாயத் தொறக்காதீங்க."

மாட்டிக்கொள்வேன் என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். அதெல்லாம் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று தைரியம் சொன்னேன். நான் ஒருவருக்குத் தைரியம் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்பதால், அவள் எதற்காகச் சொன்னாள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

பொங்கல் முடிந்தது. உப்பளத்தில் பாத்தி கட்டி, மிதித்து, தண்ணீர் ஏற்ற ஆரம்பித்தோம். மீனவரும் கடலுக்குப் போய்விட்டார். பெண்கள் பஸ் பிடித்து வகுப்புக்குப் போனார்கள். ரெண்டு வாரம் எங்கள் பெஞ்சுகள் காலி. பேராசிரியர் ஒவ்வொருவராக எங்களை விசாரித்தாராம், உடம்பு சரியில்லையா என்று. பிறகு ஆண்கள் வந்ததும் சேர்த்து நடத்தலாம் என்று பழைய பாடத்தையே திருப்பிக்கொண்டிருந்தாராம். இதை என் மனைவி சொன்னபோது அவள் குரல் நன்றாக இல்லை. நான் அவருடைய நல்ல மனசை நினைத்து உருகினேன்.

அந்தச் சமயத்தில்தான் மையத்துக்காரரிடமிருந்து போன். வரும் ஞாயிறு பல்கலைக்கழகத்திலிருந்து அதிகாரி பார்வையிட வருகிறார், அறை நிறையாவிட்டால் விழுப்புரம்தான் என்றார். நான் எங்கள் உப்பள மேஸ்திரியிடம் போய் லீவு கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, நல்ல காரியம் என்று சொல்லி, எனக்கு லீவு கொடுத்தார், கூட ரெண்டு ஆளையும் கொடுத்தார். அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சலவை வேட்டி கட்டி, சென்ட் அடித்து, தானும் வந்து நின்றார். மீனவரும் கரையிலிருந்து நேராக வந்துவிட்டார்.

மேஸ்திரியைப் பின்பெஞ்சில் உட்கார வைக்க முடியுமா? முன்பெஞ்சில் இருந்த பெண்களைக் கொஞ்சம் பின்னால் போகச் சொன்னோம். அப்புறம் எங்களுக்கு இடம் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் பின்னால். என் மனைவி நோட்டை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

அதிகாரி உள்ளே வந்து எங்களைப் பார்த்தார். உப்பளத்திலும் கடலிலும் உழைக்கிற கைகள் ஆங்கிலம் பிடிக்கின்றன என்று தொடங்கி நல்ல தமிழில் பேசினார். போட்டோ எடுத்துக்கொண்டார். மேஸ்திரியைப் பார்த்து, இலக்கணத்தில் உங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி எது என்று கேட்டார். எனக்கு எட்டாம் வகுப்பு வயிற்றுவலி அப்படியே திரும்பி வந்தது. மேஸ்திரி கொஞ்சம்கூட அசையவில்லை.

"எல்லாமே நல்லாத்தான் இருக்குது சார். இதுதான்னு எதச் சொல்றது?"

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். பெண்கள் பக்கம் அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடும்போது, பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. என் மனைவி எழுந்து நின்றாள்.

"சார், படிக்கிறவங்க கடைசி ரெண்டு பெஞ்சுல இருக்கிற நாங்கதான். முன்னாடி ஒக்காந்திருக்கிறவங்க எங்களக் கொண்டாந்து விட வந்தவங்க. எனக்கு ஜூன்ல பரீட்சை. இவங்க வந்ததுலேர்ந்து ரெண்டு பாடத்தத் தாண்டல."

மையத்துக்காரர் ரெண்டு செல்போனையும் பார்த்தார். அதிகாரி பேனாவைத் திறக்கவில்லை. திறந்தால் எழுத வேண்டும். எழுதினால் விசாரிக்க வேண்டும். அவருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு மரக்காணம் இறால் சொல்லியிருந்தார்கள். "நல்லா தைரியமாப் பேசுறீங்கம்மா. ஒக்காருங்க," என்று சிரித்துவிட்டு வெளியே போய்விட்டார்.

பேராசிரியர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து, மீனவரிடம் வந்ததும் கேட்டார்.

"நீங்களுமா?"

"நான் தங்கச்சியக் கூட்டியாந்தேன் சார்," என்றார் மீனவர், தலையைக் குனிந்துகொண்டு.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று அதற்குமேல் பாடம் நடக்கவில்லை.

அறிக்கையில் மையத்தின் வருகைப்பதிவு திருப்தி என்றே எழுதப்பட்டது. மையம் இன்றைக்கும் நடக்கிறது. என் மனைவிதான் அங்கே இல்லை. அந்த வாரமே எழுதிக் கொடுத்து விழுப்புரத்துக்கு மாற்றிக்கொண்டாள். எந்த விழுப்புரத்தைத் தடுக்க நாங்கள் இத்தனை பேர் பாடுபட்டோமோ, அங்கே தானாகவே போனாள். நான் பஸ், கூட்டம், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு, வழியில் வண்டி பழுதானால் என்ன என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே பையில் தண்ணீர் பாட்டிலை வைத்தாள். நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க. வந்தீங்கன்னா அங்கயும் உள்ள வந்து ஒக்காந்துக்குவீங்க."

அது கோபமா, கேலியா என்று அன்றைக்குப் பூராவும் யோசித்தேன். மத்தியானம் பொறுக்காமல் போன் செய்து, உட்கார இடம் கிடைத்ததா, சாப்பிட்டாயா என்று கேட்டேன். வகுப்பு போய்க்கொண்டிருக்கிறது, ஒரு மணி நேரத்தில் ஒரு பாடம் முடிகிறது என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டாள். அத்தனை வேகமாக நடத்தினால் மனசில் நிற்குமா என்று நான் கேட்க வந்தது வாயிலேயே நின்றுவிட்டது.

நின்றிருக்கிறது. ஜூனில் எழுதினாள், இலக்கணத்தில் பாஸ். சேதி உப்பளம் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் எனக்குச் சோறு கொண்டுவந்த அவளை மேஸ்திரி வரப்பிலேயே நிறுத்தினார். எல்லோரும் கேட்கும்படி, பெருமையோடு சொன்னார்.

"நம்ம கிளாஸ்ல நீ ஒருத்திதாம்மா பாஸு. நாங்கெல்லாம் கோட்ட விட்டுட்டோம்."

அவள் மேஸ்திரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தூக்குவாளியை என்னிடம் கொடுத்துவிட்டு, "ரெண்டாம் வருஷத்துக்கும் விழுப்புரம்தாண்ணா," என்று மட்டும் சொல்லிவிட்டு வரப்பில் திரும்பி நடந்தாள்.